கேட்டு வுட்டேன்

எங்கள் வீட்டு மின்விசிறியை நிறுத்தியிருந்தால் இந்த வம்பே வந்திருக்காது. நான் நிறுத்தத்தான் செய்தேன். சித்திரை வெயிலில் கதவை அடைத்து, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, அக்காவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு கேமராவுக்குப் பின்னால் போய் நின்றேன். சமையலறையிலிருந்து வந்த அம்மா, "இன்னாடி இது, வெந்து சாவறதுக்கா படம் புடிக்கிறீங்க?" என்று சுவிட்சைத் தட்டிவிட்டுப் போய்விட்டாள். மெதுவாகத்தானே ஓடுகிறது, ஓடட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். என் கேமராவுக்குத் தனி மைக் கிடையாது. அதன் நெற்றியில் இருக்கும் சின்னப் பொத்தல்தான் மைக். அந்தப் பொத்தலுக்கு அக்காவின் குரலும் ஒன்றுதான், விசிறிச் சத்தமும் ஒன்றுதான்.

கேமராவும் பழசு. கல்லூரியில் எனக்கு மூத்தவள் ஒருத்தி, புதுசு வாங்கியதும் என் தலையில் கட்டிவிட்டுப் போனது. கொஞ்ச நேரம் ஓடினால் சூடாகித் தானே நின்றுவிடும். அக்கா கையை ஆட்டிப் பேசினால் ஃபோகஸ் கையைப் பிடிக்கும், கையை இறக்கினால் பின்னால் இருக்கும் பீரோவைப் பிடிக்கும். அவள் முகத்தைத் தவிர வீட்டில் இருந்த எல்லாவற்றையும் அது அழகாக எடுத்தது.

நான் விஸ்காம் கடைசி வருடம். ஒரு குறும் ஆவணப்படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். கூடப் படிப்பவர்கள் ஏரி, கோயில் தேர், தெருக்கூத்து என்று கிளம்பியபோது எனக்கு மட்டும் அலைச்சலே இல்லை, ஆள் வீட்டிலேயே இருந்தாள். அக்கா கலைமணி ஒரகடத்தில் காருக்கு வயர் கட்டும் கம்பெனி ஒன்றில் லைனில் நிற்கிறாள். சேரப்பணஞ்சேரியில் எங்கள் தெருவில் அவளை 'வாய்' என்றுதான் சொல்வார்கள். ஷேர் ஆட்டோக்காரர் சில்லறை இல்லை என்று சொல்வதற்கு முன் உள்ளே அவள் இருக்கிறாளா என்று ஒருமுறை பார்த்துக்கொள்வார். அம்மாவுக்கு இதில் அப்படி ஒரு பெருமை. ஆண் பிள்ளை இல்லாத வீட்டுக்கு அந்த வாய்தான் கதவு, தாழ்ப்பாள் எல்லாம் என்பாள்.

அந்த வாயைத்தான் நான் படம் எடுத்தேன்.

லைனில் நிற்பவர்கள் பாத்ரூம் போக வேண்டுமென்றால் ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். மஞ்சள் விளக்கு எரியும். ரிலீவர் என்று ஒருவர் வந்து அந்த இடத்தில் நின்ற பிறகுதான் நகர முடியும். ரிலீவர் வராவிட்டால் விளக்கு பாட்டுக்கு எரிந்துகொண்டிருக்கும். இதுதான் என் படம்.

"தெக்கத்திப் பொண்ணு ஒண்ணு, பேரு வேணாம்," என்று அக்கா ஆரம்பித்தாள். "லைட்ட போட்டுக்கினு நிக்கறா, நிக்கறா, ஒருத்தனும் வர்ல. பீரியட்ஸ் வேற. பேன்ட்ல பட்டுடுச்சி. அழுதுக்கினே வயர சொருவறா. நான் நேரா சூப்பர்வைசராண்ட போனேன். நல்லா கேட்டு வுட்டேன். உடனே அனுப்பிச்சிட்டான்."

எங்களுக்கு இது பழைய கதை. எத்தனையோ முறை சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து கேட்டிருக்கிறோம். சூப்பர்வைசர் எப்படி முழித்தான், எப்படி எச்சில் விழுங்கினான் என்று நடித்தே காட்டுவாள். அம்மா தெருவெல்லாம் சொல்லியிருந்தாள். கேமரா முன்னால்தான் ஏனோ சுருக்கமாக முடித்துக்கொண்டாள். வெட்கம் போல என்று நினைத்தேன்.

படத்தைப் பார்த்த எங்கள் துறை ஆசிரியர் சுபாஷ் சார், "சத்தம் ஒண்ணும் கேக்கலையேம்மா, கீழே எழுத்துப் போட்டுடு," என்றார். நல்ல மனிதர், கோயம்புத்தூர்க்காரர். அக்கா பேசியதை அப்படியே எழுதிக்கொண்டு போய்க் காட்டினேன். வகுப்பில் எல்லாரும் இருக்கும்போது பேனாவை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் திருத்தினார்.

"'கேட்டு வுட்டேன்'னா என்னம்மா? கேட்டுட்டு விட்டுட்டாங்களா?"

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். எங்கள் வீட்டில் அதற்குத் திட்டித் தீர்த்தேன் என்று அர்த்தம், ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். அதைச் சொல்ல அந்த 'வுட்டேன்' என் வாயிலிருந்து வர வேண்டும். கல்லூரிக்கு வந்த நாளிலிருந்து நான் 'விட்டேன்' என்றும் 'வீடு' என்றும் பேசப் பழகியிருக்கிறேன். அம்மா போன் செய்தால் வராந்தாவுக்கு ஓடிப்போய்ப் பேசுகிறவள் நான். 

"ஆமா சார். ரிக்வெஸ்ட் பண்ணாங்க," என்றேன்.

அவர் திருப்தியாக எழுதினார்: 'மேற்பார்வையாளரிடம் பணிவாகக் கேட்டுக்கொண்டேன்.' அதையே டைப் அடித்தேன். கூடப் பிறந்தவளின் பேச்சை நாலு பேர் முன்னால் பேச வெட்கப்பட்டு, அவள் சண்டையைக் கும்பிடாக மாற்றிவிட்டேன். ஒரு வரிதானே, யார் படிக்கப்போகிறார்கள் என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

சனிக்கிழமை மதியம் துறை அரங்கில் முதல் திரையிடல். வீட்டார் வரலாம் என்றார்கள். அக்கா லீவு போட்டுவிட்டு, கல்யாணங்களுக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு வந்தாள். நான் அவளுக்குச் சொல்லாமல் இன்னொரு ஆளையும் கூப்பிட்டிருந்தேன். அந்தத் தெக்கத்திப் பெண் முத்துச்செல்வி. இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் ஹாஸ்டலில் இருக்கிறாள், பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருக்கிறாள். அவளை அக்கா பக்கத்தில் நிறுத்தி ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. பெரிய டைரக்டர் இல்லையா நான்.

முத்துச்செல்வி உள்ளே நுழைந்ததும் அக்கா என் பக்கம் திரும்பினாள்.

"இவள யாருடி வரச்சொன்னது?"

"நான்தான். சும்மா, சர்ப்ரைஸ்."

அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். விளக்கை அணைத்தார்கள்.

திரையில் அக்கா பெரிதாக வந்தாள். விசிறி ஹெலிகாப்டர் மாதிரி இரைந்தது. அரங்கில் எல்லாரும் அவள் முகத்தைவிட்டுக் கீழே ஓடிய எழுத்தைத்தான் படித்தார்கள். அக்காவும் படித்தாள். அந்த வரி வந்ததும் என் கையைப் பிடித்துக் கிள்ளினாள், நகம் பதிகிற மாதிரி.

"இன்னாடி எழுதிகிற? கேட்டுக்கொண்டேனா? நான் இன்னா அவனாண்ட பிச்சையா கேட்டேன்?"

முன்வரிசையில் திரும்பிப் பார்த்தார்கள். சுபாஷ் சாரும் பார்த்தார். "மெதுவா பேசுக்கா," என்றேன். அவளால் எனக்கு அவமானம் என்று அந்த நேரத்தில்கூட நினைத்தேன். இப்போது நினைத்தால் என் வாயிலேயே போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது.

படம் முடிந்து கை தட்டினார்கள். வராந்தாவில் முத்துச்செல்வி ஓடிவந்து அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"யக்கா, நீங்க வேற மாதிரி சொல்லியிருப்பியன்னுதான் நெனச்சேன். உள்ளத உள்ளபடி போட்டுட்டிய. அன்னைக்கு நீங்க அந்தாளுட்ட அப்படிக் கெஞ்சலேன்னா நான் வேலையே வேண்டாம்னு ஊருக்கு பஸ் ஏறியிருப்பேன். எங்கம்மைட்டகூடச் சொல்லியிருக்கேன், எனக்காவ ஒரு அக்கா கெஞ்சினாவன்னு."

அவளும் அந்த எழுத்தைப் பார்த்து ஏமாந்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது, ஏமாற அவள் என்ன எங்களைப் போல வீட்டில் உட்கார்ந்து கதையா கேட்டாள், அங்கேயே நின்றவள் ஆயிற்றே. அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி சரி, பஸ்ஸுக்கு நேரமாவுது உனுக்கு," என்று கையை விடுவித்துக்கொண்டாள். போட்டோ எடுக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். "படியில நிக்காத, உள்ள போம்மா, காது கேக்கல?" என்று கண்டக்டர் எரிந்து விழுந்தார். வேறு நாளாக இருந்தால் அந்த ஆளுக்கு அன்றைக்குத் தூக்கம் வந்திருக்காது. அக்கா பேசாமல் உள்ளே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டு வாசலில் அம்மா எதிர்வீட்டுக்காரியைப் பிடித்துவைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். "எம் பொண்ணு அந்த சூப்பர்வைசர கிழிச்சது இப்ப சினிமாவே வந்துக்கீது." அக்கா தலைவலி என்று சொல்லிவிட்டு நேராக உள்ளே போய்ப் படுத்தாள்.

மறுநாள் சாயங்காலம் நான் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன். திங்கட்கிழமை படத்தைக் கொடுத்தாக வேண்டும். அதற்கப்புறம் அது வேறு கல்லூரிகளுக்கெல்லாம் போகும். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். அக்கா எனக்கும் சேர்த்து டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள். அதுவே புதுசு.

"அந்த எழுத்து இன்னும் அப்படியேதான் கீதா?"

"மாத்திடறேங்க்கா. 'வெளுத்து வாங்கினேன்'னு போடட்டுமா?"

சத்தியமாக நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன். அவள் பக்கம்தான் இருக்கிறேன், யாருக்கும் ஒன்றும் தெரிய வேண்டாம் என்று காட்டத்தான் சொன்னேன். வாயிலிருந்து வெளியே வந்ததும் அது கிண்டலாகிவிட்டது. அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அவ சொன்னத நீயும் கேட்டுக்கினு தானே இருந்த?"

நான் தலையாட்டினேன்.

"அவ நல்ல பொண்ணுடி. கெஞ்சனேன்னு தான் சொன்னா." டம்ளரைக் கீழே வைத்தாள். "சார் சார்னு அந்த ஆளு பின்னாடியே போனேன். அவன் போன்ல எவனாண்டயோ சிரிச்சிப் பேசிக்கினே நடக்கறான், திரும்பியே பாக்கல. கேபின் கதவாண்ட வுழுந்து கால புடிச்சிட்டேன். கால ஒதறிக்கினு, சரி போ, இட்டுக்கினு போன்னான். அவ பாத்துக்கினுதான் இருந்தா. யாராண்டயும் சொல்லல. என்னாண்டகூட அதப்பத்தி பேசல."

எனக்கு அவளைப் பார்க்க முடியவில்லை. லேப்டாப்பைப் பார்த்தால் அங்கேயும் அவள்தான், மோவாயைத் தூக்கிக்கொண்டு, கையை ஆட்டிக்கொண்டு பாதியில் நின்றிருந்தாள். ஒவ்வொரு முறையும் தட்டோடு உட்கார்ந்து, 'அப்புறம்? அவன் மூஞ்சி எப்படிப் போச்சு?' என்று கிளறிக் கிளறிக் கேட்டது நான்தான். நாங்கள் கேட்கக் கேட்க அவள் நடித்துக் காட்டியிருக்கிறாள். அழுகை வந்தது. அவளுக்கு முன்னால் அழுவதற்கும் கூச்சமாக இருந்தது.

"அந்த எடத்தையே வெட்டிடறேங்க்கா. யாருக்கும் தெரியாது."

"வெட்டாத. வெட்டனா அந்தப் பொண்ணு இன்னா நெனப்பா? எழுத்த மட்டும் மாத்து."

"என்னன்னு?"

"கால்ல வுழுந்தேன்னு போடு."

"அம்மா பாப்பாங்க. தெருவே பாக்கும்."

"பாக்கட்டும். எனக்கு இனிமே நடிச்சிக் காட்ட தெம்பில்லடி."

சாரின் வரியை அழித்தேன். இந்த முறை அவள் சொன்னதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றக் கூடாது என்று பிடிவாதமாக, 'கால்ல வுழுந்தேன்' என்றே அடித்தேன். அவள் கேட்டதால் ஓட்டியும் காட்டினேன். விசிறி இரைச்சலுக்கு நடுவே அவள் குரல் "நல்லா கேட்டு வுட்டேன்" என்றது. கீழே அந்த எழுத்து வந்து போனது.

அக்கா திரைக்குப் பக்கத்தில் குனிந்து, மறுபடி ஓட்டச் சொல்லி, உதட்டை அசைத்துப் படித்தாள். பிறகு விரலை அந்த 'வு' மேல் வைத்தாள்.

"இது தப்பா கீது பாரு. வுழுந்தேன் இல்ல, விழுந்தேன்னு போடு. படிச்சவங்கல்லாம் பாக்கறது, சிரிக்கப் போறாங்க."

மாற்றினேன்.