முதலில் துவக்கு

மரத்தில் செய்த துவக்கு ஒன்றை என் கையில் தந்து, மூன்றாவது வெடிக்கு விழுந்து சாக வேண்டும் என்று டொறத்தி சொன்னார். உண்மையான வெடிமருந்துத் துவக்குக்கு லைசென்ஸ் வேணுமாம், ஆகவே எனக்கு மரம். சந்தோசம் என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல?

டொறத்தி எங்கள் ஊர் வரலாற்றுச் சங்கத்தின் தலைவி, என் மகள் தேனுஜாவின் ஆசிரியை. ஜெர்மன் நகரமான காசலுக்குப் பக்கத்திலிருக்கும் இந்தச் சின்ன ஊரிலிருந்து இருநூற்றைம்பது வருடத்துக்கு முன் நாற்பது இளம் பெடியள் அமெரிக்காவுக்குப் போனார்களாம். அங்கே குடியேறியிருந்த சனம் தங்களுக்கென்று ஒரு படை கட்டி, இங்கிலாந்து அரசனிடமிருந்து விடுதலை வேண்டுமென்று சண்டைக்கு இறங்கியிருக்கிறது. அவர்களை அடக்க ஆள் போதாமல் அரசன் இந்தப் பக்கத்துப் பிரபுவிடம் பட்டாளத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறான்; இந்தப் பெடியள் அதில் போனவர்கள். அந்தச் சண்டையைத்தான் இந்த ஞாயிறு உதைபந்தாட்ட மைதானத்தில் நடித்துக் காட்டப்போகிறார்கள். ஊர்க்காரர் எல்லோருக்கும் தங்கள் பூட்டன்மார் போட்ட அதே நீலச் சட்டைதான் வேண்டும். கிளர்ச்சிக்காரராக நிற்க ஒருவரும் இல்லை. கடைசியில் ஒரு சிரியாக்காரன், இரண்டு போலந்துக்காரர், நான். பிடித்தார்களே ஆட்களை! எங்களுக்கு வெட்கமாக இருக்கக்கூடாதென்று டொறத்தியின் கணவர் மார்க்குஸும் எங்கள் பக்கம் வந்தார். பஸ் ஓட்டுகிற மனிதர், தொந்தியும் சிரிப்புமாக இருப்பார்.

நான் முதலில் ஏலாது என்றுதான் சொன்னேன். தேனுஜா விடவில்லை. அவள்தான் மேளம் அடிக்கிறாள்.

"அப்பா, சும்மா விழுந்து படுத்தாக் காணும். நான் கடைசியா மேளம் அடிப்பன், செத்த ஆக்கள் எல்லாரும் எழும்பலாம். பிளீஸ் அப்பா."

செத்த ஆக்கள் எழும்பலாம். பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது எவ்வளவு லேசாக வாயில் வருகிறது.

எனக்கு விழுந்து படுப்பதில் பயமில்லை. என் மனைவி தக்சாயினி பார்த்துக்கொண்டு நிற்பாளே என்பதுதான் பயம். எங்கள் நாட்டுச் சண்டையில் நான் விடுதலை இயக்கத்தில் இருந்தது அவளுக்குத் தெரியும். வாகனப் பகுதியில் இருந்தேன், கராஜில் எஞ்சின் கழற்றிப் பூட்டினேன் என்று சொல்லியிருக்கிறேன். பொய். கடைசி ஆறு மாதம் நான் சண்டை முனையில், மண் அணையில் நின்றேன். என் பக்கத்தில் நின்றவன் இளங்கீரன், அவளுடைய தம்பி. கலியாணம் பேசியபோது அனுப்பிய படத்தில் அவளுக்குப் பின்னால் சுவரில் மாட்டிய சட்டத்துக்குள் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஒரு கிழமை சாப்பிடவில்லை. பிறகு ஓம் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

தக்சாயினி ஒவ்வொரு தை மாதமும் செஞ்சிலுவைக்குப் புதிதாக அன்ராக், அதுதான் விண்ணப்பப் படிவம், நிரப்புவாள். காணாமற்போனவரின் பெயர், உயரம், கடைசியாக அணிந்திருந்த உடுப்பு. ஜெர்மன் எழுத்துப் பிழையை நான்தான் திருத்திக் கொடுப்பேன். கனடாவிலிருந்து ஒருவன் அவளுக்குச் சொன்னானாம், பக்கத்தில் நின்ற யாரோ ஒரு பெடியன் இளங்கீரனின் துவக்கைக் கொண்டுவந்து கொடுத்தான், ஆளைக் கொண்டுவரவில்லை என்று. அந்தப் பெடியனைக் கண்டுபிடித்தால் போதும், தம்பி உயிரோடு பிடிபட்டானா இல்லையா என்று தெரிந்துவிடும் என்பாள். அந்தப் பெடியன் அவளுக்கு எதிரே இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பான். பதினைந்து வருடமாக.

இயக்கத்தில் எங்களுக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. விழுந்தவனிடம் முதலில் துவக்கை எடுக்க வேண்டும், பிறகுதான் ஆள். புதிதாக ஆட்கள் வருவார்கள், துவக்கு வராது என்பார்கள். இதை நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவோம். அப்படித்தான் பழக்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். சொசேஜ் வாட்டுகிற புகை, பியர் வரிசை, வண்டிலில் பிள்ளைகள். கயிறு கட்டிய பக்கத்தில் தக்சாயினி கறுப்புக் கண்ணாடியோடு நின்று எனக்குக் கை காட்டினாள். டொறத்தி ஒலிவாங்கியில் விளக்கம் சொல்ல, நீலச் சட்டைக்காரர் வரிசையாக வந்தார்கள். முதல் வெடிக்குப் போலந்துக்காரர் இருவரும் விழுந்தார்கள். இரண்டாவதுக்கு மார்க்குஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என் பக்கமாகச் சரிந்தார். சனம் கைதட்டியது. மூன்றாவது வெடி கேட்டது.

நான் விழவில்லை. புகை மணந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். குப்புறப் படுத்து முழங்கையால் ஊர்ந்து மார்க்குஸிடம் போய் அவருடைய துவக்கைப் பிடுங்கினேன். அவருக்கு லைசென்ஸ் இருந்தபடியால் அவருடையது உண்மையான இரும்பு, நல்ல பாரம். "என்ன செய்கிறாய், நீ சாக வேண்டுமே" என்று அவர் கண்ணை மூடியபடியே ஜெர்மனில் முணுமுணுத்தார். நான் துவக்கோடு, கயிற்றுக்குப் பின்னாலிருந்த வேலிப் பக்கம் ஊர்ந்தேன். பாதி வழியில் திரும்பி, தொண்டை கிழியக் கத்தினேன்.

"கிடவடா! இந்தா வாறன்!"

அந்த மைதானத்தில் ஐந்நூறு பேர் நின்றிருப்பார்கள். இரண்டு பேருக்குத்தான் அது விளங்கியிருக்கும்.

வேலிக்கு வந்து சேர்ந்தேன். இனி ஆளை எடுக்கப் போக வேண்டும். கால் வரவில்லை. இளங்கீரன் விழுந்த அன்றைக்கும் இப்படித்தான், கால் வரவே இல்லை. பச்சைப் புல்லில் முப்பது மீற்றர் தூரம். என்னை உண்மையாகச் சுட அங்கே ஒரு குருவிகூட இல்லை. சீ, என்ன மனிசன் நான்! தேனுஜா மேளத்தை அடித்தாள். செத்தவர்கள் புல்லைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். மார்க்குஸ் தானே நடந்து வந்து தன் துவக்கை வாங்கிக்கொண்டார்.

"அருமையாக நடித்தாய். ஆனால் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டாயே" என்று சிரித்தார்.

தக்சாயினி வந்தபோது கண்ணாடியைக் கழற்றியிருந்தாள். நான் வேலியோடு இருந்தேன். அவள் உட்காரவில்லை.

"வாகனப் பகுதி எண்டனீங்கள்."

நான் முழங்கையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டினேன்.

"வாறன் எண்டு கத்தினீங்களே. அண்டைக்கும் அப்பிடித்தான் சொன்னனீங்களோ?"

"ஓம்."

"என்ரை தம்பிக்கு அது கேட்டதோ?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவன் அப்போதே முடிந்துவிட்டான் என்று சொன்னால் அவள் அழுது தீர்த்திருப்பாள், அடுத்த தை மாதம் எதையும் நிரப்பத் தேவையிருந்திருக்காது. அந்தப் பொய்யை எத்தனையோ தரம் வாய்க்குள் சொல்லிப் பழகி வைத்திருந்தேன்.

"கேட்டது. 'ஓமண்ணை' எண்டவன்."

அவள் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். அடித்தால் நல்லாயிருக்கும் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அந்தப் பக்கம் டொறத்தி, பிந்தி வந்த சனத்துக்காக இன்னொருமுறை நடக்கப்போவதாக அறிவித்தார். நீலச் சட்டைகள் மறுபடி வரிசை கட்டின. நான் போகாமலே முதல் வெடி கேட்டது, பிறகு இரண்டாவது. மார்க்குஸ் அதே இடத்தில் விழுந்து, தலையை எங்கள் பக்கம் திருப்பிப் படுத்திருந்தார்.

தக்சாயினி நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"போங்கோ," என்றாள்.

"எங்கை?"

"துவக்கைத் தொடாதேங்கோ. போய் ஆளைத் தூக்கிக்கொண்டு வாங்கோ."

இந்தமுறை கால் வந்தது. புகைக்குள் குனிந்து மார்க்குஸின் அக்குளுக்குள் கை கொடுத்தேன். அவர் கண்ணைத் திறந்து என் முகத்தைப் பார்த்தார். கையை என் கழுத்தில் போட்டுக்கொண்டார். அவரைத் தோளில் ஏற்றி எழும்பினேன். தேனுஜாவின் மேளம் இடையில் நின்றுவிட்டது. நூறு கிலோ இருப்பார் மனிதர். இளங்கீரன் இதில் பாதிகூட இருக்கமாட்டான்.

நான் நடந்து வந்தேன். தக்சாயினி, நாங்கள் உள்ளே வரும்படி கயிற்றை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.