பனிச்சங்காயில் வெந்த நைலான்

என் மச்சான் நூர்முகம்மதுக்கு வாய் நீளம். அவர் மகள் மலிகாவைத் தன் பையனுக்குப் பெண் கேட்டு சிதம்பரத்திலிருந்து வந்த அப்துல் வதூதிடம் அந்த வாய்தான் அவரை மாட்டிவிட்டது. எங்கள் கடலூர் முதுநகரில், வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் ஓடும் உப்பனாற்றில் ஒரு கிழட்டுக் கொடுவா இருக்கிறது, என் தூண்டில் கயிறு மூன்றை அறுத்துப் போனது, மூன்று முள்ளும் இன்னும் அதன் வாயில் தொங்குகிறது, அடுத்த வெள்ளிக்கிழமை அதையே பிடித்து உங்களுக்குச் சோற்றுக்கு ஆனம் ஆக்கிப் போடுகிறேன் என்று அளந்துவிட்டார். வதூதும் லேசுப்பட்டவர் இல்லை. அந்த மீனைத் தின்ற பிறகுதான் நிக்காஹ் பேச்சு என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

மலிகாவுக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. அழுத கண்ணோடு என்னிடம் வந்து, அத்தாவை நம்பினால் ஆகாது மாமா, நீங்கள்தான் ஏதாவது செய்ய வேண்டும் என்றாள். அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்குத்தான் மனசு கேட்கும்?

மார்க்கெட்டில் வேறொரு கொடுவா வாங்கி, வாயில் மூன்று முள்ளைக் குத்திவிடலாம் என்றேன். மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. பொய் அவருக்கு ஆகாதாம்.

ஆகவே கயிற்று விவகாரத்துக்கு வந்தோம். தடித்த பருத்திக் கயிறென்றால் மீன் பார்த்துவிட்டு ஒதுங்கும். மெல்லிசு என்றால் அறுக்கும். நான் திருப்பாதிரிப்புலியூர்வரை சைக்கிளை மிதித்து, அப்போதுதான் கடைக்கு வந்திருந்த நைலான் நரம்பு வாங்கி வந்தேன். புதுச் சைக்கிள் அது. என் தம்பியைக்கூட நான் தொடவிட்டதில்லை.

பருத்திக் கயிற்றைப் பனிச்சங்காய்ச் சாற்றில் முக்கிக் கறையேற்றுவது வழக்கம், இல்லாவிட்டால் உப்புத் தண்ணீரில் இற்றுவிடும். நைலானுக்கு அதெல்லாம் வேண்டாம் என்று தொண்டை வறளக் கத்தினேன். மச்சான் கேட்டால்தானே? முக்கினார், கறை ஏறவில்லை. அக்காவின் பிரியாணி அண்டாவில் போட்டுக் கொதிக்கவே வைத்துவிட்டார். நரம்பு சுருண்டது, அண்டா கறுத்தது, நிறம் மட்டும் ஏறவில்லை. கறை பிடிக்காத கயிறு ஜாஸ்தி நேரம் தாங்காது என்று தீர்ப்பும் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை, எப்படியும் அறுந்துபோகிற கயிற்றைக் கையில் பிடித்து நிற்பது கேவலம் என்று நினைத்தாரோ என்னவோ, நான் டீ வாங்கப் போன நேரத்தில் தூண்டிலை ஆற்றில் வீசி, கயிற்றின் மறுமுனையை என் சைக்கிள் ஹாண்டில்பாரில் கட்டிவிட்டார். இரண்டு கிளாஸோடு நான் திரும்பும்போது, ஆளில்லாத சைக்கிள் கரைச் சரிவில் நிதானமாக இறங்கிக்கொண்டிருந்தது. ஆற்றுக்குள் போனது. மணி ஒருமுறை அடித்தது.

"பரவால்லியே, நல்ல கயிறுதான்" என்றார் மச்சான்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு டீயையும் மண்ணில் கொட்டினேன். வேறு என்ன செய்ய, அக்கா புருஷனாகிவிட்டாரே.

ஜும்மா முடிந்து வதூது வந்தார். பொய் ஆகாத மச்சான் அவரை நேரே கொல்லைப்புறமாக ஆற்றங்கரைக்கே அழைத்துப் போனார். நடு ஆற்றில் ஹாண்டில்பார் தலைகாட்டி, ஓட்டத்தை எதிர்த்து மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. வதூது வெகுநேரம் பார்த்தார்.

"கயிறு அறுந்துச்சா?"

"அறுவலீங்க."

"அப்ப மீன் உங்க கைலதான் இருக்கு. வூட்டுக்கு வரத்தான் லேட்டாவுது. நிக்காஹ் பேசிடலாம்."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்குள் அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சைக்கிள் புதுசா என்று கேட்டார்.

"மாப்பிள்ளைக்குன்னு வாங்கினதுதான் சம்பந்தி" என்றார் பொய் ஆகாத மச்சான்.

நான் வாயைத் திறந்தேன். கொல்லைக் கதவோரம் மலிகா முக்காட்டைப் பல்லில் கடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். திறந்த வாயை மூடினேன். சட்டைப் பையைத் துழாவி, சைக்கிளின் பூட்டுச் சாவியை எடுத்து வதூதின் கையில் கொடுத்தேன்.