ஊசி முறிந்த கதை

உடுப்பிட்டிப் பள்ளிக்கூடத்துத் தையல் ரீச்சர் அருந்ததிக்கு இசைத்தட்டென்றால் பைத்தியம். புதிதாக வாங்கச் சம்பளம் காணாது. அதனால் ஊரை விட்டுப் போகிறவர்கள் வீடு ஒழிக்கிற நேரம் பார்த்துப் போய் நிற்பாள். ஒரு சட்டை தைத்துக் கொடுத்தால் ஒரு தட்டு. அப்படியே முப்பத்தெட்டுச் சேர்த்துவிட்டாள், போட்டுக் கேட்கத்தான் பிளேயர் இல்லை! அது அதே பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிற நாகேஸ்வரியிடம் இருந்தது. கப்பலில் போகிற தமையன் கொண்டுவந்தது. ஞாயிறுதோறும் இரண்டு பேருமாகக் கேட்பார்கள். புதுத்தட்டை ஒருத்தியை விட்டு மற்றவள் கேட்கக்கூடாது என்று பேச்சு.

எண்பத்தைந்தில், ஆமி முகாமுக்குப் பயந்து காங்கேசன்துறையில் ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்தது. அங்கே மூன்று சட்டைக்கு ஒரு தட்டுக் கிடைத்தது. அதிலிருந்த எழுத்து தமிழுமில்லை, சிங்களமுமில்லை, இங்கிலீசுமில்லை.

"என்ன வாத்தியமெண்டு எங்களுக்கும் தெரியாது பிள்ளை. ஆனால் ஒருக்காக் கேட்டால் விடமாட்டாய்" என்றார் வீட்டுக்காரர்.

பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தவளுக்கு ஞாயிறு எப்போது வரும் என்றிருந்தது. வந்தது. நாகேஸ்வரி வாசலிலேயே கையை விரித்தாள்.

"பிளேயரின்ரை ஊசி முறிஞ்சு போச்சடியப்பா. கொழும்பிலையிருந்துதான் எடுப்பிக்க வேணும். தட்டெல்லாத்தையும் இஞ்சை வைச்சிட்டுப் போ. ஊசி வந்தவுடனை ரெண்டு பேருமாக் கேப்பம்."

ஏழு வருடச் சிநேகிதம், நம்பாமல் என்ன செய்வாள்? வைத்துவிட்டு வந்தாள். ஒரு மாதமாகியும் "இன்னும் வரேல்லை" என்ற பதில்தான்.

ஒரு சனிக்கிழமை நூல் வாங்க நெல்லியடிக்குப் போனவள், பாட்டுக் கசெற் பதிந்து விற்கிற சூசைதாசனின் கடை வாசலில் நின்றுவிட்டாள். உள்ளே ஏதோ ஒரு தந்தி வாத்தியம். பிறந்த நாள் முதல் அப்படியொன்றைக் கேட்டதில்லை.

"அண்ணை, இது என்ன?"

"பேர் தெரியாது பிள்ளை. தட்டிலை விளங்காத எழுத்து. ஒரு ரீச்சரின்ரை வீட்டிலை போய்ப் பதிஞ்சனான். விக்கிறதிலை அவவுக்கும் பங்கு."

அவள் கடைக்குள் ஏறினாள்.

"முதலிலையிருந்து போடுங்கோ."

சூசைதாசனுக்கு வயர் கொடுத்துப் பதிகிற வசதியில்லை. பிளேயருக்கு முன்னால் ரேடியோ கசெற்றை வைத்துத்தான் பதிவார். நாய் குரைத்தாலும் விழும், சேவல் கூவினாலும் விழும். முதலில் தட்டுக் கரகரத்தது. பிறகு நாகேஸ்வரி கதைத்தாள்.

"கெதியாப் பதியுங்கோ. தட்டுக்காரிக்கு ஊசி முறிஞ்சு போச்செண்டு சொல்லி வைச்சிருக்கிறன். அது ஒண்டும் விளங்காத பேய்ப்பெட்டை, நம்பீட்டுது."

ஒரு சிரிப்பு. அதன் மேல் வாத்தியம் தொடங்கியது.

"அந்தக் கதையை விடு பிள்ளை" என்றார் சூசைதாசன். "எல்லாரும் கேட்டுச் சிரிக்கினம்."

"எத்தினை வித்தனீங்கள்?"

"அம்பது வரும்."

ஐம்பது வீடு! கூட இருந்தே குழி பறித்துவிட்டாளே பாவி! உடனே போய் அவள் முற்றத்தில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசவேண்டும் என்றிருந்தது அருந்ததிக்கு. கால் நகரவில்லை. வாத்தியம் அவ்வளவு நன்றாக இருந்தது. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.