இரண்டு குலநூல்களிலும் இல்லாதவள்

இதையெல்லாம் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். அறிவிப்புப் பலகையைப் பார்த்த அன்று பின்மலையில் பனி கிடந்ததாக ஞாபகம். கூடவே வசந்தத்தில் பூக்கும் அசேலியா பூத்திருந்ததாகவும் ஞாபகம். இரண்டும் ஒன்றாக இருந்திருக்க முடியாது.

பலகையில் இருந்தது மட்டும் நிச்சயம். புதிய சாலைக்காக எங்கள் மலையை வெட்டப்போகிறார்கள். மூன்று மாதத்துக்குள் உறவினர் கேட்டு வராத புதைமேடுகளைத் தோண்டி, எலும்புகளை மொத்தமாக எரித்துவிடுவார்கள். கஷ்கொட்டை மரத்தடியில் இருந்த சின்ன மேட்டிலும் எண் எழுதிய குச்சி நின்றது. அதற்குள் யார் என்று எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை.

எனக்கு ஓர் ஊகம் இருந்தது. எங்கள் வம்சாவளியைப் பதிந்துவைக்கும் குலநூலில், கொள்ளுத்தாத்தாவின் பெயருக்கு அருகில், அவருடைய அப்பாவின் பிள்ளைகள் வரிசையில், ‘மகள்: ரியூ இக்-ஜுன்’ என்று ஒரு வரி. அது மாப்பிள்ளையின் பெயர். பெண்களை அப்படித்தான் எழுதுவார்கள். ரியூ குடும்பத்துக் குலநூலைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். அதில் ரியூ இக்-ஜுனின் மனைவி வேறு குடும்பத்துப் பெண். கொள்ளுத்தாத்தாவின் அக்கா எங்கேயும் இல்லை.

மேட்டை எங்களுடையதென்று கேட்கும் விண்ணப்பத்துக்குக் குலச்சங்கத் தலைவரின் முத்திரை வேண்டும். தலைவர் என் பெரியப்பா மகன் சாங்-க்யூ.

“கட்டிக்கொடுத்தாச்சுன்னா அவ ரியூ வீட்டுப் பொணம். நம்ம மலையில எதுக்குக் கெடக்கா?”

“அவங்க புஸ்தகத்திலயும் இல்லியே அண்ணே.”

“அப்ப அவங்களோட போய்ச் சண்டை போடு. புருஷன் வீட்டுலேர்ந்து திரும்பி வந்தவளுக்கும் பொழுது போகணும்ல.”

அந்தத் திரும்பி வந்தவள் நான்தான். நடந்தே வீடு வந்தேன். வந்தும் உட்கார முடியவில்லை.

ரியூ வீட்டுப் பெரியவரைத் தொலைபேசியில் பிடித்தேன். இக்-ஜுன் அவருடைய கொள்ளுத்தாத்தா.

“அவருக்கு முன்னாடி ஒரு கல்யாணம் நடந்துச்சுன்னு கேள்விம்மா. ஆனா எங்க வாசப்படியே மிதிக்காத பொண்ணை எங்க ஆளுன்னு எப்படிச் சொல்றது?”

வாசப்படி மிதிக்காத பெண். அந்தக் காலத்தில் கல்யாணம் பெண் வீட்டில் நடக்கும். மாப்பிள்ளை வந்து போவான். ஒரு வருஷம் கழித்துத்தான் பெண்ணைப் பல்லக்கில் ஏற்றி அனுப்புவார்கள். அந்த ஒரு வருஷத்துக்குள் அவள் செத்திருந்தால்?

அம்மா விட்டுப்போன பெட்டியில் இந்த வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்த பழைய சுருள்கள் இருந்தன. நாலு நாள் பிரித்துப் பிரித்துப் படித்தேன். ஐந்தாம் நாள் கிடைத்தது: 1868இல், மகளின் முதல் நினைவு நாளில் படிக்க கொள்ளுத்தாத்தாவின் தாய் எழுதிய இரங்கல்.

‘பதினெட்டு வயதில் போனாயே என் குழந்தையே. பல்லக்குத் திரையைத் தைத்து முடித்த மாதம் காய்ச்சல் வந்தது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வரவில்லை. பின்மலையில் கஷ்கொட்டைக்குக் கீழே உன்னை வைத்தேன்.’

சாங்-க்யூ அண்ணன் அதை இரண்டு முறை படித்தார்.

“பேரே இல்லியே.”

“இல்ல.”

“பேரில்லாம விண்ணப்பத்துல என்னத்த எழுதுறது?”

“நம்ம வீட்டு மகள்னு எழுதுங்க அண்ணே.”

அப்படியே எழுதினார். பிறகு முத்திரையை எடுத்து வாயால் ஊதிக் குத்தினார்.

“குலநூல்ல மட்டும் கைவைக்கச் சொல்லாதே. புதுப் பதிப்பு அச்சுக்குப் போயாச்சு.”

அந்த மலையில் கஷ்கொட்டைகள் நிறைய. நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய மரம் இதுதானா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூனில் மேட்டைத் திறந்தார்கள். கறுத்த மண்ணும் கொஞ்சம் எலும்பும் இருந்தன. அவற்றைச் சாலைக்கு அப்பால் இருக்கும் குடும்பக் கல்லறையில் அந்தத் தாயின் பக்கத்தில் வைத்தோம். கல்லில் ‘மகள்’ என்று மட்டும் வெட்டியிருக்கிறது. சாங்-க்யூ அண்ணன் அடுத்த குளிர்காலத்தில் இறந்துபோனார். ரியூ பெரியவர் மகனோடு சியோலில் இருக்கிறார். புதிய குலநூல் வந்துவிட்டது. அதில் ‘மகள்: ரியூ இக்-ஜுன்’ என்ற வரி பழையபடியே இருக்கிறது. சாலை திறந்துவிட்டார்கள். நான் அம்மாவின் வீட்டில்தான் இருக்கிறேன்.