கழுத்துத் தழும்பும் கன்னத்துச் சதையும்

ரஞ்சனா பிறந்து ஏழு வருஷத்தில் ஒருவர்கூட அவளைக் குண்டு என்று சொன்னதில்லை. நோஞ்சான் என்றுதான் உறவுக்காரர்கள் வாய் கூசாமல் சொன்னார்கள். அதனால் 1998-ல் பெண்ணின் கன்னம் உப்பி, முகம் பூரி மாதிரி வட்டமானபோது அம்மா தமயந்திக்குத் தலைகால் புரியவில்லை.

முந்தின தீபாவளிச் சமயம், வங்காளத்துக் காளி பூஜையன்று புஸ்வாணம் வெடித்து ரஞ்சனாவின் கழுத்தில் சுட்டுவிட்டது. புண் ஆறியும் தழும்பு தடித்துப் புடைத்து நின்றது. அலிப்பூர்ப் பக்கம் ஒரு தோல் டாக்டர் தழும்புக்குள்ளேயே ஸ்டீராய்டு ஊசி போட்டார். மாதம் ஒன்று போதும் என்றார். தை மாதம் மயிலாப்பூரில் நாத்தனார் கல்யாணம் என்று கெஞ்சிக் கூத்தாடி அதை வாரம் ஒன்றாக்கியது தமயந்தியின் சாமர்த்தியம். டாக்டரும் யார் மனதையும் நோகடிக்கத் தெரியாத புண்ணியவான்.

தழும்பு அமுங்கியது. கன்னத்துக்குத்தான் பங்காளிச் சண்டை. கிடர்பூர் துறைமுக ஆபீசில் வேலை பார்க்கும் கணவன் பட்டாபிராமன், தான் வாங்கி வரும் சந்தேஷ் மிட்டாய் என்றான். கும்பகோணத்து மாமியார் தான் அனுப்பிய லேகியம் என்றாள். தமயந்தி நெய் என்றாள். ஊசியை யாரும் நினைக்கவில்லை. மேலுதட்டில் பூனைமுடி அரும்பியபோது தமயந்தி அதைக் கணவன் வம்சத்தின் தலையில் கட்டிவிட்டுக் கஸ்தூரி மஞ்சள் தேய்த்தாள். போன வருஷத்துக் கவுன் இடுப்பில் ஏறவில்லை. கவுனின் உயரம் மட்டும் அப்படியே சரியாக இருந்தது. அதையும் அவள் லாபத்தில் சேர்த்துக்கொண்டாள்.

எதிர் ஃபிளாட் வங்காளி அக்கா சுலேகாதி மட்டும் பார்க்கும்போதெல்லாம் தயங்கித் தயங்கி, "ரொஞ்ஜொனார் கூப் ஷாஸ்தோ ஹோயே கேச்சே" என்பாள், ரஞ்சனாவுக்கு ரொம்ப ஷாஸ்தோ ஆகிவிட்டதென்று. ஸ்வாஸ்தியத்தை, அதாவது ஆரோக்கியத்தைத்தான் வங்காளிகள் ஷாஸ்தோ என்கிறார்கள் என்று தமயந்திக்குத் தெரியும். ஜுரம் விட்டால் வீட்டில் 'ஸ்வஸ்தமாயிடுத்து' என்போமே, அதுதான் என்று எண்ணி, எல்லாம் பகவான் கிருபை என்று பதில் சொல்வாள். சதை போட்டுவிட்டது என்பதை அந்த ஊரில் அப்படித்தான் நாசூக்காகச் சொல்வார்கள் என்பது அவளுக்குத் தெரியாது.

நாசூக்கு பலிக்காது என்று கண்ட சுலேகாதி, ஒரு நாள் அம்மா, பெண் இருவரையும் குழந்தை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் ரஞ்சனாவின் முகத்தைப் பார்த்தார். பிடரிச் சதையைத் தொட்டார். ஊசிக் கணக்கைக் கேட்டார். தமயந்தி பெருமையாகவே சொன்னாள்.

"இது புஷ்டி இல்லம்மா, மருந்தோட வேலை" என்று இந்தியில் சொன்னார். "உடம்பு தானாச் சுரக்க வேண்டிய ஹார்மோனை ஊசி அடக்கிடுச்சு. வளர்த்தியும் நின்னிருக்கு. இனிமே அந்த ஊசி கூடாது. ஜுரம், வாந்தின்னா தாமதிக்காம தூக்கிட்டு வாங்க, உயிருக்கே ஆபத்தாகலாம்."

தமயந்தி பெண்ணைக் கிட்டே இழுத்துக்கொண்டாள். "சரியாயிடுமா?"

"ஆகும். மாசக்கணக்காகும். மறுபடி ஒல்லியாயிடுவா."

அந்த வார்த்தை இவ்வளவு இனிக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

டாக்டர் ரஞ்சனாவிடம் குனிந்து, மாடிப்படி ஏற முடிகிறதா, கால் நோகிறதா என்று கேட்டார். யார்மீதும் குறையில்லாமல், அவர் கேட்ட வங்காள மொழியிலேயே அவள் சொன்னாள்:

"ஏற முடியலைன்னு அம்மாகிட்ட தினம் சொல்வேன். அம்மா சிரிச்சுண்டே முத்தம் குடுப்பா."