பெயர் கரைந்த புட்டிகள்

கல்லூரி அருங்காட்சியகத்தில் அவளைப் புட்டிக்காரி என்றால்தான் தெரியும். சாராயத்தில் மிதக்கும் உயிர்களுக்கெல்லாம் அவள்தான் காவல். அளவு குறைந்தால் ஊற்றுவாள், மூடியை மெழுகால் அடைப்பாள். இத்தனை சாராயத்துக்கு நடுவே தள்ளாடாமல் நிற்கிற ஒரே ஆள் என்று கணவன் கேலி செய்வான். புட்டிக்குள் போடும் சீட்டைப் பென்சிலில்தான் எழுத வேண்டும். பேனா மை சாராயத்தில் கரைந்துவிடும். யாராவது பேனாவைத் திறந்தால் போதும், பிலுபிலுவென்று பிடித்துக்கொள்வாள்.

அப்படிப்பட்டவளே பேனாவால் எழுதித் தொலைத்திருந்தாள். இரண்டாம் மாதத்திலேயே கரு கலைந்து, மருத்துவமனையிலிருந்து வந்த மறுநாளே வேலைக்கு ஓடி வந்திருந்தாள். அன்றுதான் கோழி, பன்றி, மனிதன் என்று மூன்று கருக்களைப் புதுப் புட்டிகளுக்கு மாற்றினாள். புத்தி எங்கே இருந்ததோ. இன்று அலமாரியைத் திறந்தால் மூன்று சீட்டும் வெள்ளை வெளேரென்று கிடக்கின்றன.

"மூணையும் பக்கத்துல பக்கத்துல வைக்கணும். எல்லாம் ஒரே வம்சம்னு பிள்ளைங்களுக்குக் காட்டணும்" என்று எலும்பர் சொல்லியிருந்தார். துறைத் தலைவருக்கு மாணவர்கள் வைத்த பெயர் அது.

கோழியைக் கண்டுபிடித்துவிட்டாள், கண் பெரிது. மற்ற இரண்டும் அச்சு அசல் ஒன்று போலவே இருந்தன. வளைந்த முதுகு, மொட்டு மொட்டாய்க் கைகால், கழுத்தில் மீன் செவுள் போல மடிப்பு, குட்டி வால்.

கரு கலைந்த அன்றைக்கு மருத்துவமனையில் நர்ஸ், "பாக்கறீங்களாம்மா?" என்று கேட்டபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதிலிருந்து அது அவளை அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு தரமாவது பார்த்திருக்கலாம். இப்போது இந்த இரண்டில் ஒன்று, அவள் பார்க்காமல் விட்ட அதே வயதில், அதே அளவில். பெற்ற வயிற்றுக்குத் தெரியாதா என்று நினைத்தாள். இடப்பக்கப் புட்டியை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதாள்.

"மன்னிச்சுக்கோடா மகனே. பயமா இருந்துச்சுடா."

எலும்பர் எப்போது வந்து நின்றாரோ தெரியவில்லை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சீட்டில் மை கரைந்த கதையைச் சொன்னாள். அவர் திட்டவில்லை. லென்ஸை வைத்து இரண்டு புட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீ வச்சிருக்கறது பன்னிம்மா. வயித்துப் பக்கம் மேடு பெருசா இருக்கு பாரு. அந்தப் பக்கம் இருக்கறதுதான் மனுஷக் கரு."

அவள் புட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"மனசுல வச்சுக்காத. லென்ஸ் இல்லேன்னா எனக்கே தெரியாது. ஆரம்பத்துல எல்லாம் ஒண்ணுதான். யாரு என்னன்னு வளர வளரத்தான் தெரியும்."

"என்னோடது வளரலையே சார்."

அவர் பென்சிலை எடுத்து, தானே சீட்டு எழுத உட்கார்ந்தார்.

அவள் மனிதப் புட்டியைப் பார்த்தாள். கண்ணீர் வரவில்லை; அது யாரோ சுமந்த பிள்ளை. பன்றிப் புட்டியைக் கீழே வைக்கத்தான் கை வரவில்லை. இந்த உலகத்தில் அவள் மகனே என்று கூப்பிட்டது அதை மட்டும்தான்.