ராணியின் கன்னம்

1

இந்தக் கதை துவைக்கப் போட்ட பேண்ட் பையிலிருந்து வந்தது. கற்பனை என்று சொல்லி உங்களை ஏமாற்ற மனமில்லை. பேண்ட் என் வீட்டுக்காரருடையது. பையில் ஒரு பழைய வெள்ளிக் காசு. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

(முதலில் "நிலவொளியில் அவள் உள்ளங்கையில் மின்னிய அந்த—" என்று தொடங்கினேன். காலை பத்து மணி, கையெல்லாம் சோப்பு நுரை. அடித்துவிட்டேன்.)

2

பழைய காசு விற்கும் கடைக்காரரிடம் கொண்டுபோனேன். காந்தத்தில் ஒட்டுகிறதா என்று பார்த்தார், எடை போட்டார், ஓரத்து வரிகளை நகத்தால் நெருடினார், லென்ஸைக் கண்ணில் வைத்தார்.

"பிரிட்டிஷ் காசும்மா. அரை கிரவுன். ஆயிரத்து எண்ணூத்தித் தொண்ணூத்தாறு. நல்ல வெள்ளி."

"இந்தப் பக்கம் யாருன்னே தெரியலையே?"

"விக்டோரியா ராணி. முக்காடு தெரியுது பாருங்க, வயசான காலத்துப் படம். கேடயம் இருக்கிற பக்கம் நல்லா இருக்கு. கன்னம், மூக்குதான் போயிடுச்சு. கடைகண்ணியில புழங்கினா ரெண்டு பக்கமும் தேயும். இது யாரோ கட்டைவிரலால தேச்சது. தினமும், பல வருஷமா."

"யார் குடுத்த காசுன்னு கண்டுபிடிக்க முடியுமா?"

"வருஷம் சொல்லுவேன். ஆள் சொல்றதுக்கு வேற கடை பாருங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என்றைக்கோ செத்துப்போன ஒரு ராணிமேல் எனக்குப் பொறாமை வந்தது. என் கன்னத்தை அவர் அப்படித் தடவியதே இல்லை.

3

ராணி கிடக்கட்டும். கொடுத்தவள் என்று ஒருத்தி இருப்பாளே? (கொடுத்தவர் என்றும் எழுதலாம். என் மாமனாராக இருக்கலாம், கூட வேலை பார்த்தவராக இருக்கலாம். கை வரவில்லை.)

முதல் வரைவில் அவளைச் சுமாராகத்தான் படைத்தேன். மூன்றாவது வரைவில் என்னைவிட அழகியாகிவிட்டாள். வயிறு எரிந்தது. உடனே ஒரு வரி சேர்த்தேன்: "அவள் ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பாள்." கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

4

காசு கிடைத்த அன்று மாலையே அவர் கேட்டார்.

"என் பேண்ட்ல ஒரு காசு இருந்துச்சே, பாத்தியா?"

"எந்தக் காசு?"

(இந்தப் பொய்யை வேறொரு பாத்திரத்தின் தலையில் கட்டப் பார்த்தேன். இந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.)

எட்டு நாள் ஆகிறது. சோபாவைப் புரட்டினார். வாஷிங் மெஷினின் வடிகட்டியைக் கழற்றி மாட்டினார். சாப்பிடும்போது இடது கட்டைவிரல் சும்மா ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது. பார்க்கப் பாவமாக இருக்கிறது. ஆனால் யாரை நினைத்துத் தேய்க்கிறார்?

முடிவு ஒன்று: மெஷினுக்கு அடியில் காசைத் தள்ளிவிட்டு "இதோ இருக்குங்க" என்பது. முடிவு இரண்டு: நேராகக் கேட்டுவிடுவது. அவரும் நேராகச் சொல்லிவிட்டால்—

5

நான் எழுதுவதையெல்லாம் முதலில் படிப்பவர் அவர்தான். லிஃப்ட் மெக்கானிக். நல்லா இருக்கு, இல்லை என்று எதுவும் சொல்ல மாட்டார். தகவல் தப்பாக இருந்தால் மட்டும் பென்சிலால் அடிப்பார். ஒருமுறை, "லிஃப்டுக்குக் கயிறு ஒண்ணு இல்ல, ஆறு" என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

இன்று காலை, நான்காம் பகுதிவரை எழுதியதை, மேலே காசை வைத்து நீட்டினேன்.

"புதுக் கதை. படிச்சுப் பாருங்க."

அடுப்படி மேசையில் உட்கார்ந்து படித்தார். நான் ஒரே டம்ளரை மூன்று முறை கழுவினேன். படித்து முடித்ததும் காசைப் பையில் போட்டுக்கொண்டார். "வேலைக்கு நேரமாச்சு" என்று கிளம்பிவிட்டார்.

தாள்களைப் புரட்டினேன். நான் சொன்ன பொய்யின்மேல் கோடு இல்லை. என்னைவிட அழகி என்ற இடத்திலும் கோடு இல்லை. அந்தச் சாய்ந்த காலின்மேல் மட்டும் ஒரு பென்சில் கோடு.

சாயங்காலம் வருவார். கேட்பதா, விடுவதா, உங்கள் இஷ்டப்படி முடித்துக்கொள்ளுங்கள். எனக்கு இப்போதைக்கு ஒன்றுதான் மனதில் ஓடுகிறது. அவளுக்குக் கால் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.